ஊசிக்கு ஒரு வினை, எக்ஸ்ரேவுக்கு ஒரு வினை

வெளிநாட்டு மருத்துவமனைகளுக்கு வேலைக்குப் போக நினைக்கும் செவிலியர்களுக்கு ஆங்கிலம் சொல்லித் தருவது என் தொழில். பெரும்பாலும் ஓ.ஈ.டி. தேர்வுக்குத் தயாராகிறவர்கள். அந்தத் தேர்வின் பேச்சுப் பகுதியில் ஆளுக்கு இரண்டு உரையாடல்கள், ஒவ்வொன்றும் ஐந்து நிமிடம் போல. எதிரில் இருப்பவர் நோயாளியாகவோ நோயாளியின் உறவினராகவோ பேசுவார், இவர்கள் செவிலியராகவே பேச வேண்டும். எழுத்துப் பகுதியில் ஒரு நோயாளியின் குறிப்புகளைக் கொடுத்துக் கடிதம் எழுதச் சொல்வார்கள்.

என்னிடம் வருகிறவர்களுக்குச் சொல் பஞ்சமே கிடையாது. 'ஹைப்போகிளைசீமியா', 'ஆன்டிகோயாகுலன்ட்' எல்லாம் தண்ணீர்பட்ட பாடு. காலத்தையும் ஒருமை பன்மையையும் கூடச் சமாளித்துவிடுவார்கள். தடுக்கி விழுவதெல்லாம் மூன்றாம் வகுப்பிலேயே படித்து முடித்த குட்டி வினைகளில்தான்: மேக், டூ, டேக், கிவ், ஹேவ், புட். 'ஐ வில் புட் இன்ஜெக்‌ஷன்' என்பார்கள். 'ஷி டுக் எக்ஸ்ரே' என்று எழுதுவார்கள். 'டோன்ட் டூ மிஸ்டேக்' என்று பக்கத்தில் இருப்பவருக்குச் சொல்லுவார்கள். மூன்றும் தமிழில் அப்பழுக்கில்லாத வாக்கியங்கள்: ஊசி போடுகிறேன், எக்ஸ்ரே எடுத்தார், தப்பு செய்யாதே.

இவற்றை இலக்கணப் புத்தகத்தைப் புரட்டித் திருத்த முடியாது. 'புட்' என்றால் என்ன என்று அகராதியில் பார்த்தாலும் பயனில்லை. அதன் பொருள் அவர்களுக்கு நன்றாகவே தெரியும். தெரியாமல் போனது, 'இன்ஜெக்‌ஷன்' என்ற பெயர்ச்சொல் எந்த வினையைக் கேட்கும் என்பது. இத்தனை வருஷம் சொல்லிக்கொடுத்ததில் எனக்கு உறுதியாகப் பட்ட ஒன்று உண்டு. ஆங்கிலத்தின் சாதாரண வினைகளைப் பொருள் வழியாகப் படித்துப் பயனில்லை. பெயர்தான் வினையைத் தேர்ந்தெடுக்கிறது. ஆகவே பெயரையும் வினையையும் பிரிக்காமல் ஒரே சொல்லாக மனத்தில் ஏற்ற வேண்டும்.

இதைச் சொன்னால் யாரும் சட்டென்று நம்புவதில்லை. அதனால் முதல் வகுப்பில் ஆங்கிலத்தைத் தொடுவதே இல்லை. பலகையில் 'போடு' என்று எழுதிவிட்டு, 'எதையெல்லாம் போடுவீங்க, சொல்லுங்க' என்பேன். கோலம், சண்டை, சத்தம், கையெழுத்து, திட்டம், லீவு, டீ, கணக்கு, பந்தல், தாளம், லைட், சீன், மொட்டை, குட்டித் தூக்கம் என்று பலகை நிறைந்துவிடும். அடுத்து 'அடி'. மணி, பெயிண்ட், விசில், அரட்டை, காப்பி, நீச்சல், கொள்ளை. வெயில் அடிக்கும், காய்ச்சலும் அடிக்கும். எழுதி முடித்ததும் ஒரு கேள்வி கேட்பேன்: 'லீவு போடுறோமே, எதை எடுத்து எங்கே போடுறோம்? நீச்சல் அடிக்கிறவர் யாரை அடிக்கிறார்?' பதில் வராது. ஏனென்றால் அந்த வினைகளுக்குள் பழைய பொருள் இல்லை. பொருள் முழுவதையும் பெயர் சுமக்கிறது. வினையின் வேலை காலம், இடம், எண் காட்டுவது மட்டும்.

ஒரு வகுப்பில் கேரளத்துப் பெண் ஒருத்தி இருந்தாள். தமிழ்ப் படம் பார்த்தே தமிழ் பேசப் பழகியவள். 'சின்ன வயசுல ஆத்துல நல்லா நீச்சல் போடுவேன் சார்' என்றாள். மற்றவர்கள் சிரித்துவிட்டார்கள். சிரித்தவர்களைப் பார்த்து, 'ஏன் போடக்கூடாது? குட்டிக்கரணம் போடலாம், எதிர்நீச்சல் போடலாம், நீச்சல் மட்டும் ஏன் அடிக்கணும்? விதியைச் சொல்லுங்க' என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு ஒருத்தி சொன்னாள்: 'விதியெல்லாம் இல்ல சார், அப்படித்தான் சொல்லுவோம்.' அதற்குமேல் நான் விளக்க எதுவும் இல்லாமல் போயிற்று. ஆங்கிலேயரிடம் 'மேக் எ மிஸ்டேக்' ஏன், 'டூ எ மிஸ்டேக்' ஏன் இல்லை என்று கேட்டால் அவரும் இதே பதிலைத்தான் தருவார்.

மொழியியலாளர்கள் இதை எப்போதோ கவனித்திருக்கிறார்கள். டென்மார்க்கைச் சேர்ந்த ஆட்டோ யெஸ்பர்சன் தன் பெரிய ஆங்கில இலக்கண நூலில் இப்படிப்பட்ட வினைகளுக்கு 'லைட் வெர்ப்' என்று பெயர் வைத்தார், பாரம் இல்லாத வினை என்ற பொருளில். சொற்கள் இப்படிக் கூட்டாளி சேர்வதைக் 'கொலொகேஷன்' என்ற கலைச்சொல்லால் ஆராய்ந்து பரப்பியவர் ஜே. ஆர். ஃபர்த். லண்டனில் பேராசிரியர் ஆவதற்கு முன்னால் 1919 முதல் 1928 வரை லாகூரில் பஞ்சாப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் கற்பித்தவர் அவர். தமிழ் உச்சரிப்பைப் பற்றியும் அவர் எழுதியிருக்கிறார். ஆர்டன் பாதிரியாரின் தமிழ் இலக்கண நூல் 1934இல் மறுபதிப்பு வந்தபோது அதன் பின்னிணைப்பாக அது சேர்ந்தது. ஒரு சொல்லை அதன் கூட்டத்தில் வைத்துத்தான் அறிய முடியும் என்று வாதாடியவர் நம் மொழியின் ஒலிகளையும் உட்கார்ந்து கேட்டிருக்கிறார் என்று நினைக்கும்போது எனக்கு மகிழ்ச்சியாக இருக்கும்.

இந்த விஷயத்தில் மாணவர்களுக்குப் பெரிதும் உதவிய வேலை நடந்தது ஜப்பானில். ஹெரால்ட் பாமர் என்ற ஆங்கிலேயர் 1922இல் டோக்கியோ போய், அங்கே ஆங்கிலக் கல்வியைச் சீர்படுத்தும் பணியில் இறங்கினார். ஜப்பானிய மாணவர்கள் சொற்களைத் தனித்தனியே நெட்டுருப் போட்டுத் தடுமாறுவதைக் கண்டு, 1933இல் ஆங்கிலச் சொற்சேர்க்கைகளின் பெரிய தொகுப்பொன்றை அறிக்கையாக வெளியிட்டார். அவரோடு அங்கே உழைத்த ஏ. எஸ். ஹார்ன்பி தம் நண்பர்கள் இருவரோடு சேர்ந்து தயாரித்த அகராதி 1942இல் டோக்கியோவில் வெளிவந்தது. 1948இல் ஆக்ஸ்ஃபோர்டு அதைத் தன் வெளியீடாக்கியது. இன்று நம் கல்லூரி மாணவர்களின் மேசையில் இருக்கும் ஆக்ஸ்ஃபோர்டு அட்வான்ஸ்டு லேர்னர்ஸ் அகராதி அதன் வழித்தோன்றல்தான். ஆங்கிலத்தைப் பிறகு கற்றுக்கொள்கிறவனுக்கு எங்கே கால் இடறும் என்று பார்த்துப் பார்த்துச் செய்த அகராதி அது. நம் வீடுகளில் பலர் அதை எழுத்துக்கூட்டல் பார்க்க மட்டுமே திறக்கிறார்கள் என்பது எனக்கு உண்மையாகவே வருத்தம். 'டிசிஷன்' என்ற சொல்லுக்குக் கீழே உள்ள எடுத்துக்காட்டு வாக்கியங்களை வாசித்தால், அதற்கு என்ன வினை வரும் என்பது அங்கேயே கிடைத்துவிடும்.

இனி வினைகளுக்கு வருகிறேன்.

'மேக்', 'டூ' இரண்டுக்கும் நமக்கு இருப்பது 'செய்', 'பண்ணு'. அதனால்தான் குழப்பம். பொதுவாகச் சொல்லப்படும் வழி ஒன்று உண்டு. முன்பு இல்லாத ஒன்று புதிதாக உண்டானால் 'மேக்'. ஏற்கெனவே பட்டியலில் இருக்கும் வேலையை முடித்தால் 'டூ'. டீ, சத்தம், தவறு, திட்டம், வாக்குறுதி, போன் அழைப்பு எல்லாம் 'மேக்' வகை. டியூட்டி, வீட்டுப்பாடம், உடற்பயிற்சி, துணி துவைப்பது, புண்ணுக்கு டிரெஸ்ஸிங் செய்வது 'டூ' வகை. பத்தில் ஏழெட்டு இடத்தில் இது கைகொடுக்கும். மிச்சத்தில் கவிழ்த்துவிடும். சேதமும் தீங்கும் புதிதாக உண்டாகிறவைதானே? ஆனால் 'டூ டேமேஜ்', 'டூ ஹார்ம்' என்றுதான் சொல்கிறார்கள். படுக்கை ஏற்கெனவே அங்கே கிடக்கிறது. அதை ஒழுங்குபடுத்தினால் 'மேக் த பெட்'.

அந்தக் கடைசி எடுத்துக்காட்டை நான் விடமாட்டேன். என் மாணவிகளில் ஒருத்திகூட 'டூ த பெட்' என்று சொல்லிக் கேட்டதில்லை. செவிலியர் படிப்பின் தொடக்கத்திலேயே 'பெட் மேக்கிங்' ஒரு செய்முறைப் பாடம். உறையின் மூலையை மடிக்கும்போதே சொல்லும் ஒட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டது. விதி ஏதும் தெரியாமல், பெயரும் வினையும் ஒன்றாகவே வந்து சேர்ந்ததால், அது தப்புவதே இல்லை. மற்ற எல்லாவற்றையும் அதே வழியில் ஏற்றிக்கொள்ள முடியும் என்பதற்கு அதுவே சாட்சி.

'செய்' என்ற ஒன்றை ஆங்கிலத்தில் பல வீடுகளுக்குப் பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள். முயற்சி செய்தால் 'மேக் அன் எஃபர்ட்', ஆராய்ச்சி செய்தால் 'டூ ரிசர்ச்', குற்றம் செய்தால் 'கமிட் எ கிரைம்', உதவி செய்தால் 'கிவ் ஹெல்ப்'. ஆனால் உதவியையே 'ஃபேவர்' என்ற பெயரால் சொன்னால் 'டூ எ ஃபேவர்' ஆகிவிடும். வாக்குக் கொடுப்பதும் அப்படித்தான். 'பிராமிஸ்' என்றால் 'மேக்', 'வேர்ட்' என்றால் 'கிவ்'. செயல் ஒன்றுதான், பெயர் மாறியதும் வினையும் மாறிவிடுகிறது. பெயர்தான் எசமான் என்று நான் அடித்துச் சொல்வது இதனால்.

சில இடங்களில் இரண்டு மொழியும் அழகாக ஒத்துப்போகும். கவனம் செலுத்து, வரி செலுத்து, அஞ்சலி செலுத்து மூன்றுக்கும் ஆங்கிலத்தில் 'பே' வரும். போட்டோ எடு, முடிவு எடு இரண்டிலும் 'டேக்' சரியாகப் பொருந்தும். பேட்டி கொடு, அனுமதி கொடு என்பவற்றில் 'கிவ்'. இந்த மாதிரி இடங்களைப் பற்றிக் கவலைப்படவே வேண்டாம். மனப்பாடம் செய்ய வேண்டிய சுமை நாம் பயப்படுகிற அளவுக்கு இல்லை. தமிழும் ஆங்கிலமும் பிரியும் இடங்களை மட்டும் குறித்துவைத்தால் போதும்.

பிரியும் இடங்களில் முதலாவது 'புட்'. தமிழ்ப் 'போடு' முழுக்கக் காலியாகிவிட்ட வினை. ஆங்கில 'புட்' இன்னும் பெரும்பாலும் ஓர் இடத்தைக் கேட்கிறது. எதை, எதன் மேல், எதற்குள் என்று சொல்லியாக வேண்டும். கட்டுப் போடுவதைப் 'புட் எ பேண்டேஜ் ஆன்' எனலாம், ஏனென்றால் துணி நிஜமாகவே காயத்தின் மேல் வைக்கப்படுகிறது. டிரிப்ஸ் போடுவதையும் 'புட் த பேஷன்ட் ஆன் எ டிரிப்' எனலாம். அந்த 'ஆன்' விட்டுப்போகக் கூடாது. ஊசிக்கு அப்படி இல்லை, 'கிவ்' தான். சண்டைக்கு 'ஹேவ்', லீவுக்கு 'டேக்', டீக்கு 'மேக்'. லைட்டுக்குத் 'டர்ன் ஆன்'. 'போடு' வரும் ஒவ்வோர் இடத்திலும், 'இங்கே உண்மையிலேயே ஒரு பொருளை ஓரிடத்தில் வைக்கிறேனா?' என்று கேட்டுக்கொள்ளச் சொல்வேன். இல்லையென்றால் 'புட்' வேண்டாம். இங்கிலாந்து வார்டுகளில் 'புட்' வர வேண்டிய இடத்திலும் 'பாப்' என்று சொல்லும் பழக்கம் உண்டு. சட்டைக் கையை மேலே ஏற்றச் சொல்ல, கட்டிலில் ஏறிப் படுக்கச் சொல்ல, நாக்குக்கு அடியில் மாத்திரை வைக்கச் சொல்ல, எல்லாவற்றுக்கும் 'ஜஸ்ட் பாப்' என்று இதமாகச் சொல்வார்கள். போய் இறங்கியவர்கள் முதலில் திகைப்பது அதைக் கேட்டுத்தான்.

இரண்டாவது 'எடு'. இதுதான் செவிலியர்களுக்கு உண்மையிலேயே ஆபத்தான இடம், அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

'நேத்து எக்ஸ்ரே எடுத்தேன்' என்று தமிழில் யார் சொன்னாலும் அவர் நோயாளி என்று புரிந்துகொள்கிறோம். முடி வெட்டினேன், பல் பிடுங்கினேன், சட்டை தைத்தேன், பிள்ளைக்குக் காது குத்தினோம். கத்திரிக்கோலையும் குறடையும் ஊசியையும் பிடித்த கை யாருடையது என்பதைத் தமிழ் பெரிதுபடுத்துவதில்லை. அந்தக் காரியம் யாருக்காக நடந்ததோ அவரையே எழுவாயாக்கிவிடும். சூழல் மிச்சத்தைச் சொல்லிவிடும். ஆங்கிலம் அப்படி விடாது. 'ஐ டுக் அன் எக்ஸ்ரே' என்றால் இயந்திரத்தை இயக்கியவர் நான் என்றே கேட்பவருக்குத் தோன்றும். சாதாரண ஆள் சொன்னால் சிரித்துவிட்டுப் புரிந்துகொள்வார்கள். மருத்துவமனையில் வேலை செய்கிறவரே சொன்னால்? நிஜமாகவே குழப்பம் வரும். கடிதத்தில் 'த பேஷன்ட் டுக் எ ஸ்கேன்' என்று எழுதினால் படிக்கும் மருத்துவர் ஒரு கணம் நின்றுவிடுவார்.

இதற்கு நான் தரும் சூத்திரம் எளிது. நோயாளிக்கு நேர்வது எதுவானாலும் 'ஹேவ்'. எக்ஸ்ரே, ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, ஊசி, அறுவைச் சிகிச்சை, பக்கவாதம், வலிப்பு, தடுக்கி விழுவது, பிள்ளை பெறுவது எல்லாம் நோயாளியின் பக்கத்திலிருந்து பார்த்தால் 'ஹேட்'. அதே காரியம் மருத்துவமனை ஊழியரின் பக்கத்திலிருந்து பார்த்தால் வேறு வேறு வினை பெறும். ஊசிக்குக் 'கிவ்', எக்ஸ்ரேவுக்குத் 'டேக்', அறுவைக்குப் 'பர்ஃபார்ம்', டிரெஸ்ஸிங்குக்கு 'டூ'. நோயாளி 'டேக்' செய்வது மருந்தையும் மாத்திரையையும்தான். மாத்திரை சாப்பிட்டீர்களா என்பதை 'ஈட்' போட்டுக் கேட்கக் கூடாது.

இதைப் பழக்கப்படுத்த இருவர் இருவராக உட்கார வைப்பேன். ஒருத்தி செவிலியர், ஒருத்தி நோயாளி. முதலாமவள் 'ஐ கேவ் ஹெர் அன் இன்ஜெக்‌ஷன்' என்றால் மற்றவள் உடனே 'ஐ ஹேட் அன் இன்ஜெக்‌ஷன்' என்று தன் பக்கத்திலிருந்து திருப்பிச் சொல்ல வேண்டும். 'வி டுக் அன் எக்ஸ்ரே' என்றால் 'ஐ ஹேட் அன் எக்ஸ்ரே'. கேலியும் சிரிப்புமாகத் தொடங்கும். போகப்போக வேகம் பிடிக்கும். சில வகுப்புகளுக்குப் பிறகு கடிதங்களில் அந்தத் 'டுக்' தானாக மறைந்துவிடுவதைப் பார்க்கிறேன். பலகையில் எழுதி விளக்கிய காலத்தில் இந்தப் பலன் கிடைத்ததில்லை.

வினை மாறினால் பெயரின் பொருளே மாறும் இடங்களும் உண்டு. 'டெம்பரேச்சர்' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். செவிலியர் அதை 'டேக்' செய்தால் உடல் வெப்பத்தை அளக்கிறார் என்று பொருள். நோயாளி 'ஹேவ் எ டெம்பரேச்சர்' என்றால் காய்ச்சல் அடிக்கிறது என்று பொருள். வெப்பம் இல்லாத உடம்பு ஏது என்று வாதாடிப் பயனில்லை, வழக்கு அப்படி. ரத்தமும் அதே மாதிரி. லேபில் பரிசோதனைக்காக ரத்தம் எடுத்துவிட்டு வெளியே வருகிறவர், 'பிளட் குடுத்துட்டு வந்தேன்' என்கிறார். அதை அப்படியே 'ஐ கேவ் பிளட்' என்றால் ரத்த தானம் செய்துவிட்டு வந்திருக்கிறார் என்று வெள்ளைக்காரர் பாராட்டுவார். சோகையால் வாடும் நோயாளியைப் பற்றிய உரையாடலில் இந்தச் சொல் மாறிவிட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

இன்னும் ஒன்று. 'மோஷன் போனீங்களா?' என்று நாம் கேட்பதை பிரிட்டிஷ் வார்டில் 'ஹேவ் யூ ஓப்பன்ட் யுவர் பவல்ஸ்?' என்று கேட்பார்கள். சிறுநீருக்கு வினை 'பாஸ்'. இவற்றைச் சொல்லுக்குச் சொல் யோசித்து யாரும் கண்டுபிடிக்க முடியாது. கேட்டுத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

பாரம் இல்லாத வினை எதற்காக இருக்கிறது, 'லுக்' என்ற வினையே இருக்கும்போது 'ஹேவ் எ லுக்' எதற்கு என்று கூர்மையான மாணவி யாராவது கேட்பாள். எனக்கு மிகவும் பிடித்த கேள்வி அது. தமிழிலிருந்தே பதில் சொல்வேன். 'தூங்கினேன்' என்பதற்கும் 'ஒரு குட்டித் தூக்கம் போட்டேன்' என்பதற்கும் வித்தியாசம் தெரியாத தமிழர் இல்லை. இரண்டாவதில் தூக்கத்துக்கு ஒரு தொடக்கமும் முடிவும் வந்துவிடுகிறது, அளவு வந்துவிடுகிறது, கொஞ்சம் செல்லமும் சேர்கிறது. ஆங்கிலத்திலும் அப்படியே. வினையைப் பெயராக்கிவிட்டால் அதற்கு முன்னால் அடைமொழி வைக்கும் வசதி கிடைக்கிறது: 'எ டீப் பிரெத்', 'எ குயிக் லுக்', 'எ குட் நைட்ஸ் ஸ்லீப்', 'எ நாஸ்டி ஃபால்'. இவற்றை வினையாக்கி வினையடை போட்டுச் சொல்ல முயன்றால் வாக்கியம் விறைத்துப்போகும்.

அதோடு, குரல் மென்மையாகிறது. புண்ணைக் காட்டத் தயங்கும் முதியவரிடம் 'ஐ வில் எக்ஸாமின் யுவர் வூண்ட்' என்பது சரியான ஆங்கிலம்தான். 'ஷல் வி ஹேவ் எ லுக்?' என்றால் அவர் காலை நீட்டிவிடுவார். நோயாளியை மதித்து, பயம் தெளிய வைத்துப் பேசுகிறார்களா என்பதையும் அந்தத் தேர்வு கவனிக்கிறது. பெரிய சொல் எதுவும் தேவைப்படாத இடம் அது. 'ஹேவ் எ சீட்', 'டேக் யுவர் டைம்', 'டேக் எ டீப் பிரெத்' போன்ற சின்னச் சின்னச் சேர்க்கைகளே ஒரு செவிலியரின் கனிவை ஆங்கிலத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கின்றன. நம் பெண்களிடம் அந்தக் கனிவு நிறைய இருக்கிறது. தமிழில் 'கொஞ்சம் கைய நீட்டுங்கப்பா' என்று சொல்லும்போது அது வழிகிறது. ஆங்கிலத்துக்கு வந்ததும் 'ஷோ யுவர் ஹேண்ட்' என்று காய்ந்துவிடுகிறது. இந்த வினைகளைப் பற்றி நான் இவ்வளவு பிடிவாதமாக இருப்பதற்கு மதிப்பெண் மட்டும் காரணம் இல்லை.

அந்த 'எ' பற்றியும் ஒரு வார்த்தை. 'டேக் பாத்', 'ஹேவ் லுக்' என்று அதை விழுங்கிவிடுகிறோம். தமிழில் அதற்கு இணை கட்டாயமில்லை என்பதால் காதில் ஏறுவதில்லை. ஆனால் 'டேக் கேர்', 'டேக் பார்ட்', 'டேக் பிளேஸ்' ஆகியவற்றில் அது வரவே கூடாது. இதற்கும் விதி தேடி அலைய வேண்டாம். 'ஹேவ்-எ-லுக்' என்று மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லிப் பழகினால் போதும்.

பிரிட்டனா அமெரிக்காவா என்ற கேள்வியில் நேரத்தைச் செலவிடாதீர்கள். குளியலுக்கும் பார்வைக்கும் பிரிட்டிஷார் பெரும்பாலும் 'ஹேவ்' சொல்வார்கள், அமெரிக்கர் 'டேக்' சொல்வார்கள். முடிவை அமெரிக்கர் 'மேக்' செய்வார்கள், பிரிட்டிஷார் 'டேக்' கூடச் செய்வார்கள். இரண்டு பக்கத்தாருக்கும் இரண்டும் புரியும்.

இந்திய ஆங்கிலத்தின் சேர்க்கைகளை நான் பிழை என்று சொல்வதில்லை. நம் ஊரில் ஆசிரியர் 'கிளாஸ் எடுக்கிறார்', ஆகவே அவர் 'டேக்ஸ் எ கிளாஸ்'. நாம் பரீட்சை எழுதுகிறோம், ஆகவே 'ரைட் தி எக்ஸாம்'. இந்தி பேசுகிறவர்கள் பரீட்சை கொடுப்பதால் அவர்கள் ஆங்கிலத்தில் 'கிவ் தி எக்ஸாம்'. சந்தேகம் கேட்பதும், புகார் கொடுப்பதும் அப்படியே வந்து சேர்ந்தவை. கோடிக்கணக்கானவர்கள் புரிந்துகொண்டு பயன்படுத்தும் வழக்கைக் குறை சொல்ல எனக்கு மனம் இல்லை. ஆனால் மான்செஸ்டர் வார்டில் 'ஐ டேக் கிளாசஸ்' என்றால் நீங்கள் மாணவி என்றும், 'ஐ கேவ் தி எக்ஸாம்' என்றால் நீங்கள் தேர்வு நடத்தியவர் என்றும் எடுத்துக்கொள்வார்கள். எந்த ஊரில் யார் காதில் விழப்போகிறது என்று பார்த்துப் பேசுங்கள். நான் கேட்பது அவ்வளவுதான்.

எப்படிப் படிப்பது என்று கேட்பவர்களுக்கு: 'மேக்' பட்டியல், 'டூ' பட்டியல் என்று கடைகளில் விற்கும் நீண்ட அட்டவணைகளை ஒதுக்கிவிடுங்கள். ஐம்பது சேர்க்கைகளை ஒரே வினைக்குக் கீழே படித்தால் இரண்டு நாளில் ஒன்றோடொன்று கலந்துவிடும். பேசும்போது நமக்கு முதலில் நினைவுக்கு வருவது பெயர்தான், வினையில்லை. ஆகவே நோட்டைப் பெயர் வாரியாகப் போடுங்கள். 'பிளட்' என்று ஒரு பக்கம். அதற்குக் கீழே 'டேக் பிளட்', 'கிவ் பிளட்', 'லூஸ் பிளட்', 'பாஸ் பிளட்', ஒவ்வொன்றுக்கும் உங்கள் வார்டில் நிஜமாக நடந்த ஒரு சம்பவம் ஒரு வரியில். 'பெயின்', 'அப்பாயின்ட்மென்ட்', 'மெடிசின்', 'கம்ப்ளெயின்ட்' என்று உங்கள் நாளில் அடிக்கடி வரும் பெயர்களாகப் பாருங்கள். கணக்கர் என்றால் 'இன்வாய்ஸ்', 'பேமென்ட்', 'லோன்'. ஓட்டுநர் என்றால் 'டர்ன்', 'பிரேக்', 'லிஃப்ட்'. முதலில் சொந்தத் தொழிலின் பெயர்களை முடித்துவிட்டு மற்றவற்றுக்குப் போகலாம்.

வாசிக்க, பிரிட்டனின் என்.ஹெச்.எஸ். நோயாளிகளுக்காக எழுதி வைத்திருக்கும் விளக்கக் குறிப்புகளைவிட நல்ல பாடநூல் செவிலியருக்கு இல்லை. எளிய ஆங்கிலம், குட்டி வினைகள் நிறைந்தது, எவரும் இணையத்தில் இலவசமாகப் படிக்கலாம். ஒரு நோயைப் பற்றிய பக்கத்தை எடுத்து, பெயருக்கு முன்னால் நிற்கும் வினைக்கு மட்டும் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டே வாருங்கள். கையில் காசிருந்தால் 2002இல் முதலில் வெளிவந்த ஆக்ஸ்ஃபோர்டு கொலொகேஷன்ஸ் அகராதியை வாங்கலாம். அது பெயரைத் தேடினால் வினையைக் காட்டும், பொருளே சொல்லாது. முதலில் ஏமாற்றமாக இருக்கும், எழுத உட்காரும்போது அருமை தெரியும். எண்பதுகளில் பர்மிங்ஹாமில் ஜான் சிங்க்ளேரின் குழு கணினியில் கோடிக்கணக்கான ஆங்கிலச் சொற்களைச் சேர்த்து ஆராய்ந்து 1987இல் கோபில்ட் அகராதியை வெளியிட்டது. 'டேக்' போன்ற வினைகள் கையால் எடுப்பது என்ற பொருளில் வருவதைவிட, இப்படிப் பெயரோடு ஒட்டிக்கொண்டு காலியாக வருவதே அதிகம் என்பது அந்த ஆய்வுகளால் தெளிவானது. அந்தக் குடும்பத்து அகராதி எது கிடைத்தாலும் நல்லது.

பேசிக்கொண்டிருக்கும்போது திருத்தாதீர்கள், வீட்டில் பிள்ளைகளையும் சரி. ஒருத்தி நோயாளியின் வலியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கும்போது நடுவில் புகுந்து 'புட் இல்ல, கிவ்' என்றால் அவளுக்கு வலியும் மறக்கும், வாக்கியமும் மறக்கும். முடிக்கட்டும். பிறகு நாம் பேசும்போது சரியான சேர்க்கையை இயல்பாக இரண்டு முறை சொன்னால், பலர் தாமாகவே பிடித்துக்கொள்கிறார்கள்.

வேலை கிடைத்துப் போனவர்கள் வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்புவார்கள். வார்டில் புதிதாகக் கேட்ட சேர்க்கைகளைச் சொல்லி அனுப்புங்கள் என்று கேட்டு வைத்திருக்கிறேன். நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம், வெப்பம் எல்லாம் பார்த்துக் குறிப்பதை அங்கே 'டூ த ஆப்ஸ்' என்பார்களாம். ஷிப்ட் மாறும்போது நோயாளிகளை ஒப்படைப்பவர் 'கிவ் ஹேண்டோவர்', ஏற்பவர் 'டேக் ஹேண்டோவர்'. விடுப்பு கேட்பது 'புக் லீவ்', திடீரென்று உடம்புக்கு முடியாமல் போனால் 'கால் இன் சிக்'. போன வாரம் வந்த பதிவில் ஒருத்தி கேட்டிருந்தாள்: 'சார், இங்க எல்லாரும் டீக்கு மேக் சொல்றாங்க, ஆனா கப்ல ஊத்தித் தர்றதுக்கு டூ சொல்றாங்க, ஐ வில் டூ யூ எ டீங்கறாங்க. எது சரி?' இரண்டும் அந்த ஊர் வழக்கு, கேட்டதைக் கேட்டபடி 'டீ' பக்கத்தில் எழுதி வை என்று பதில் அனுப்பினேன்.